கள்ளிப்பழத்தில் முள் எடுத்தவன்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இருந்தும் எங்கள் குப்பத்தில் முதல் மாடி வீடு நான் கட்டியது. ஐஸ் பெட்டி வைத்து நண்டு வாங்கும் கொட்டகையை முதலில் போட்டவனும் நான்தான். அன்றைக்குச் சிரித்தவர்கள் பிறகு என்னிடமே கூடை தூக்கிக்கொண்டு வந்தார்கள். புயலில் உடைந்த படகை இரண்டு முறை மறுபடி கட்டினேன். மூன்று பெண்களையும் காலேஜுக்கு அனுப்பினேன். இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒன்பது வயதில் நான் செய்த ஒரு வேலையைத்தான் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

என் அத்தை, நைனாவின் தங்கை, எந்தப் பழத்தையும் சும்மா விடமாட்டாள். களாக்காயைப் பாகில் ஊறப்போடுவாள், நாவல் பழத்தைக் கிண்டிச் சாடியில் அடைப்பாள். அந்தக் கோடையில் அவளைப் பெண் பார்க்க ஆரம்பாக்கத்திலிருந்து எறா வியாபாரி ஒருவர் வருவதாக இருந்தது. முதல் மனைவியை இழந்தவர், நைனாவைவிட மூத்தவர். இறாலை நாங்கள் எறா என்போம்; எங்கள் எறா முழுவதும் அவர் கைக்குத்தான் போகும். அவரிடம் முடியாது என்று சொல்ல நைனாவுக்கு நாக்கு வரவில்லை. அத்தையை யாரும் கேட்கவும் இல்லை.

"வர்றவங்களுக்கு இனிப்பு நானே செய்றண்ணா. சப்பாத்திக்கள்ளிப் பழத்துல" என்றாள்.

"கள்ளியா? அத மாடுகூட மோந்து பாக்காதே."

"மாடு பாக்கலன்னா இன்னா, மாப்ள பாக்கட்டும்."

நைனா சிரித்தார். தங்கைக்குச் சம்மதம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

கள்ளிப்பழத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும். கண்ணுக்கே தெரியாத பூமுள் தோல் முழுக்க இருக்கும். அத்தை கத்தியால் ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். பத்துப் பழம் தாண்டுவதற்குள் விரல் வீங்கிவிட்டது.

"அத்தை, எறாவுல சேறு போவ வலையோட உலுக்குவோமே, அப்படி உலுக்குனா இன்னா?" என்றேன்.

பழைய எறா வலையை நாலாக மடித்து, பழத்தோடு ஈர மணலையும் அள்ளிப் போட்டு, குப்பத்தை ஒட்டிய உப்பு ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்று தூளி மாதிரி உலுக்கினேன். கை கழன்றுவிடும்போல வலித்தது. பிறகு நல்ல தண்ணீரில் அலசிப் பார்த்தால், ஒவ்வொரு பழமும் எண்ணெய் தடவியதுபோல மின்னியது. அத்தை ஒன்றை எடுத்துத் தன் உதட்டில் வைத்துத் தேய்த்தாள்.

"டேய், உன் மண்டைக்குள்ள இன்னாடா வெச்சிருக்க!" என்றாள்.

ஒரே ஒரு பழத்தை மட்டும் அவள் வலையில் போடவிடவில்லை. "அது கெடக்கட்டும்" என்று தனியாக வைத்தாள்.

ரேஷன் சர்க்கரை கரைந்து பழம் வெந்ததும் மூடியைத் திறந்தாளே, அந்த நிறத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இருட்டான அடுப்படியில் அந்தச் சட்டிக்குள் மட்டும் சூரியன் இறங்குவதுபோல இருந்தது. அத்தையின் முகம், கூரையின் கரி, என் கை எல்லாம் சிவந்தன. முள்ளுக்குள் இவ்வளவு அழகை யார் ஒளித்து வைத்தார்கள் என்று வாயைப் பிளந்து நின்றேன். அத்தை ஒதுக்கிவைத்த பழத்தைத் தோலோடு பொடியாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, மேலே பாகை ஊற்றினாள். மாப்பிள்ளைக்குத் தனி மரியாதை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வந்தவர்கள் முதலில் மயங்கித்தான் போனார்கள். "இன்னா பழம்மா இது? வாயில வெச்சா கரையுதே!" என்று மாப்பிள்ளையின் அம்மா விரலை நக்கினாள். மாப்பிள்ளை தன் கிண்ணத்தில் இரண்டு வாய் அள்ளினார். மூன்றாவது வாய் அள்ளவில்லை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுந்தார், கண்ணில் தண்ணீர்.

"இன்னாடி இது, முள்ளு! குழம்பும் இப்படித்தான் வெப்பியா?" என்று அந்த அம்மா கத்தினாள்.

"மீன் திங்கிறவங்க முள்ளுக்குப் பயந்தா எப்படிங்க?" என்றாள் அத்தை, தலையைக் குனிந்தபடி. பிறகு என்னைக் காட்டினாள். "இவன்தான் உலுக்குனான். சின்னப் பையன், சரியா உலுக்கல."

நைனாவின் கை என் கன்னத்தில் இறங்கியது. அவர்களோ, இந்த வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று தாங்களே சொல்லிவிட்டுப் போனார்கள். முடியாது என்ற வார்த்தையை நைனா சொல்லவே வேண்டியிருக்கவில்லை. எறா எப்போதும்போல அந்த வியாபாரியிடமே போயிற்று.

அன்று சாயங்காலம் அத்தை மிச்சமிருந்த சட்டியை அப்படியே என் மடியில் வைத்தாள். வாங்கிய அறைக்கு ஆறுதல் என்று நினைத்து, அழுதுகொண்டே வழித்துத் தின்றேன். தனியாக வைத்த அந்த ஒரு பழத்தைப் பற்றிக் கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வருஷம் படகு கட்ட வந்த ஒருவரை, தானே வாய் திறந்து கேட்டு, கட்டிக்கொண்டாள். பேரன் பேத்தியோடு இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கூடினால், "இவன் உலுக்குன லட்சணம் தெரியாதா" என்று என்னைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள்.

அத்தை, யாராவது இதை உனக்குப் படித்துக் காட்டுவார்கள், கேட்டுக்கொள். என் உலுக்கலில் ஒரு முள்கூட மிஞ்சவில்லை என்று எல்லார் முன்னாலும் நீ சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல மனமில்லை, முள் என்னுடையதுதான் என்றால், உனக்கு அமைந்த நல்ல வாழ்வுக்குக் காரணம் நான்தான் என்று சொல்லிவிடு. இரண்டில் ஒன்று எனக்கு வந்தாக வேண்டும்.