மாமா போட்ட சுர்ஷோசூர்

என் அக்கா சிவசங்கரியின் கணவர் கமலக்கண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். எதிரில் வந்தால் எழுந்து நிற்கிறேன், அவர் உட்கார்ந்த பிறகே உட்காருகிறேன். முறை என்று ஒன்று இருக்கிறதே. மனசுக்குள் அவர்மேல் எனக்கு இருப்பது வேறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேதராப்பட்டில் பிளாஸ்டிக் வாளி செய்யும் ஒரு கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். மற்றவர்கள் செருப்போடு வேலைக்கு வருவார்கள். இவர் மட்டும் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. தூங்கும்போது கழற்றுகிறாரே, அதுவே பெரிய விஷயம். சர்க்கரை வந்த பிறகு, உடம்பு அசைய வேண்டும் என்று யாரோ சொன்னதால் கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கினார். வீடு இருக்கும் கதிர்காமத்திலிருந்து சேதராப்பட்டுக்குச் சைக்கிளில் போய் வருகிற ஒரே மனிதர் தான்தான் என்பது அவருடைய நினைப்பு. முன்னாலும் பின்னாலும் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு எத்தனையோ பேர் அதே ரோட்டில் மிதித்துக்கொண்டு போவது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

போன மழைக்காலம் தொடங்கும்போது அவருடைய இடது கால் சுண்டு விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது. அக்காதான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் தெளிவாகச் சொன்னார்.

"இந்தக் கால்ல உங்களுக்கு உணர்ச்சி கொறைஞ்சு போச்சு சார். வலிக்காது, அதான் ஆபத்து. விரல் மிஞ்சணும்னா கால் காஞ்சு இருக்கணும். மூடின ஷூ வேணாம். செருப்பு போடுங்க. நனைஞ்சா உடனே தொடைச்சிடுங்க."

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? மாமாவுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: காலில் தண்ணீர் படக்கூடாது. செருப்பு என்ற வார்த்தை அந்தக் காதில் ஏறவே இல்லை. "சூப்பர்வைசர் செருப்பு மாட்டிக்கிட்டுப் போனா எவன் மதிப்பான்?" என்று வெளியே வந்ததும் அக்காவிடம் எரிந்து விழுந்தார். ஷூ போட்டிருந்த காலத்தில் எவன் மதித்தான் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஷூவுக்குமேல் போடுகிற உறையைத் தேடும் படலம் ஆரம்பித்தது. முதலில் ஜவுளிக்கடைப் பையைக் காலில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டார். கோரிமேடு போவதற்குள் பெடலில் உரசிக் கிழிந்தது. பிறகு நேரு வீதியில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு விற்கிற ரப்பர் உறை. அது பெரிய சைஸ். செயினில் மாட்டி அவரையும் சேர்த்துக் கீழே தள்ளியது. அதற்கப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கையில் போன்தான். பனியில் சைக்கிள் ஓட்டும் வெள்ளைக்காரர்களின் வீடியோ. "பாரு, உள்ள கால் கதகதன்னு இருக்குமாம்" என்பார். டிசம்பரில்கூட மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாத ஊரில் இவருக்குக் காலுக்குக் கதகதப்பு வேண்டியிருக்கிறது! அக்கா ரசம் ஊற்றிக்கொண்டே, "செருப்பு போட்டா ஆவாதாங்க?" என்று கேட்பாள். அவர் அடுத்த வீடியோவைத் தட்டுவார்.

கடைசியில் பிரான்சிலிருக்கும் தன் சித்தப்பா மகன் இராமதாஸுக்குச் சொல்லிவிட்டார். ஊருக்கு வந்த யாரிடமோ அவர் ஒரு ஜோடி கொடுத்தனுப்பினார். கறுப்பாக, தடியாக, பின்பக்கம் ஜிப் வைத்தது. அதற்குப் பிரெஞ்சில் பெயர் சுர்ஷோசூர். மாமா அந்தப் பெயரை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகினார். கம்பெனியில் பையன்கள் அதைச் சூரசம்ஹாரம் என்று மாற்றிவிட்டார்கள். பிரெஞ்சு வாயில் நுழையாத ஜனங்கள் என்று அவர் வருத்தப்பட்டார்.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு உறையின் அடியிலும் ஒரு ஓட்டை இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டு, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். மாமா கேட்கவில்லை. பிரான்ஸ் சாமானில் குறை சொன்னால் அவன் இனிமேல் எதுவும் அனுப்பமாட்டான் என்று பயம். பழைய டியூபை வெட்டினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பஞ்சர் சொல்யூஷன் தடவி ஓட்டைகளை அடைத்தார். ஒட்டட்டும் என்று காஸ் சிலிண்டரைத் தூக்கி மேலே வைத்தார். "பிரான்ஸ்காரன் விட்டதை நான் சரி பண்ணிட்டேன்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பிரமாதம் மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

மழை வந்தது. மாமா ரெயின்கோட் போட்டு, பேண்ட் நுனியை உறைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். பேண்ட்டை வெளியே விட்டால் உறையில் இருக்கும் பிரெஞ்சு எழுத்து மறைந்துவிடுமே. ரெயின்கோட்டில் வழிந்த தண்ணீர் பேண்ட்டில் இறங்கியது, பேண்ட் வழியாக உறைக்குள் இறங்கியது. உள்ளே போனதற்கு வெளியே வர வழியில்லை. அதைத்தான் அடைத்துவிட்டாரே. கம்பெனியில் உறையைக் கழற்றி எல்லார் பார்வையிலும் படும்படி தொங்கவிட்டுவிட்டு, ஊறிய ஷூவோடு ஷிப்ட் முழுக்க நடந்தார். கால்தான் மரத்துப்போன கால் ஆயிற்றே, ஈரம் எங்கே தெரியும்?

சாயந்திரம் ஷூவைக் கழற்றினால் அக்கா மூக்கைப் பிடித்துக்கொள்வாள். கால் வெளுத்து, நாளெல்லாம் துணி துவைத்த கை மாதிரி சுருங்கியிருக்கும். "தண்ணி உள்ள போவுதுங்க" என்பாள். "அது வேர்வைடி. சூடா இருக்குது இல்ல, அதான்" என்பார். அவள் உட்கார்ந்து விரல் விரலாகத் துடைத்து மருந்து போடுவாள். மறுநாள் காலையில் அதே கால் அதே உறைக்குள் போகும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அக்காவே இராமதாஸுக்குப் போன் போட்டாள். அவர் சிரித்துவிட்டாராம். அந்த ஊர் சைக்கிள் ஷூவின் அடியில் பெடலில் மாட்டிக்கொள்ளும் கொக்கி ஒன்று இருக்கும், அதற்காக விட்ட ஓட்டை அது; உள்ளே போன தண்ணீரும் அந்த வழியாகத்தான் வடியும், அடைத்தால் கால் ஊறிப்போகும் என்று சொன்னார். அக்கா அதை அப்படியே மாமாவிடம் சொன்னாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"வாங்கி அனுப்புனவன் அவன். போட்டுக்கிட்டு ஓட்டுறவன் நான். எனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. இரண்டு ரப்பர் துண்டைப் பிய்த்தெறிய எவ்வளவு நேரமாகும்? ஆனால் பிய்த்தால், பெண்டாட்டி சொன்னது சரி என்று ஆகிவிடும். அதைவிட ஒரு விரல் அவருக்கு மலிவாகப் பட்டது. முட்டாளையாவது பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்துகொண்டே வீம்பு பிடிக்கிற இந்த ஜாதி மனிதர்களைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது.

பொங்கலுக்கு முன்னால் சுண்டு விரல் கறுத்தது. காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். விரலை எடுத்துவிட்டார்கள். மேலே ஏறாமல் இதோடு நின்றதே பெரிசு என்றார் அதே டாக்டரம்மா.

கட்டு பிரித்துப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்: "கால் காஞ்சு இருக்கணும்னு அவ்வளவு சொன்னேனே சார். எங்க ஈரம் பட்டுச்சு?"

மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"வெளிய ஒரு சொட்டு படல டாக்டர். பிரான்ஸ் உறை போட்டுத்தான் போவேன். வீட்லதான். இவ தரையைத் தொடைச்சுட்டு ஈரமாவே வுட்டுடுறா. எத்தினி தபா சொல்றது?"

டாக்டரம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்கா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அவருடைய காலை மெதுவாகத் தூக்கித் தலையணைமேல் வைத்தாள், அவ்வளவுதான்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா நாற்காலியில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தரையைத் துடைத்து முடித்திருந்தாள். வெயில் கொளுத்துகிறது, காற்றடிக்கிறது, தானாகவே காய்ந்துவிடும். ஆனால் அவள் மண்டி போட்டுக்கொண்டு, காய்ந்த துணியால் அதே தரையை மறுபடி மூலை மூலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பைத்தியமாக்கா? அந்த ஆளு பொய் சொன்னாருன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன், அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாக.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும்டா. இன்னும் ஒம்போது விரல் இருக்குது. அதுல ஒண்ணு போனாலும் என்னாலதான்னு சொல்வாரு."