எண்பத்து நாலு நாள்

பாலக்கரையில் எங்கள் பக்கத்து வீடு அக்னஸ் அக்காவுடையது. இடியாப்பம் அவித்து விற்கிறவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவென்று சொல்லக் கூடப் பிறந்த அக்கா அற்புதம்மாள் ஒருத்திதான். தாயில்லாத அக்னஸை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். கால் விழுந்து நடக்க முடியாமல் போன பிறகு அந்த அம்மாளைக் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் அக்னஸ் அக்கா அங்கே போய்விடுவார். கையைக் கோத்துக்கொண்டு, ஒவ்வொரு மந்திரத்திலும் முன்பாதியை ஒருவரும் மறுபாதியை மற்றவருமாக இருவரும் ஜெபமாலை சொல்வார்கள்.

கொரோனா வந்து அந்தக் கதவை மூடியது. இரண்டாம் அலையில் அக்னஸ் அக்காவே காய்ச்சலில் விழுந்தார். மாதா புண்ணியம், பிழைத்துக்கொண்டார். எழுந்ததும், அம்மை இறங்கினால் செய்வதுபோல வேப்பிலைத் தண்ணீரை மூன்று முறை தலைக்கு ஊற்றிக்கொண்டார்.

“அம்மை ஒரு தடவை வந்தா மறுபடி வராதுல்ல? இதுவும் அப்படித்தான். இனிமே அக்கா பக்கத்துல போய் உக்காரலாம்” என்றார். நானும் ஆமாம் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இருவரும் போனோம். வாசல் காவலர் ரெஜிஸ் வழிவிடவில்லை.

“ரெண்டு ஊசி போட்டவங்கதான் உள்ள வரலாம்மா.”

“எனக்கு நோயே வந்து போயிடுச்சுப்பா. அதுக்கு மேல ஊசி எதுக்கு?”

“உங்க இடியாப்பம் மாதிரி என்னைச் சிக்க வைக்காதீங்கம்மா. நர்ஸைக் கூப்பிடுறேன்.”

நர்ஸ் ரஞ்சனி வந்து பொறுமையாகச் சொன்னாள். “நோய் வந்து போனாலும் எதிர்ப்பு சக்தி வரத்தான் செய்யும்ங்க. எவ்வளவு, எத்தனை மாசத்துக்குன்னு ஆளுக்கு ஆள் மாறும். அம்மை மாதிரி இல்ல, இது திரும்பவும் வருது. அதோட, அந்த சக்தி வர நோயில விழுந்து எந்திரிக்கணும். எல்லாருமா எந்திரிச்சாங்க? ஊசின்னா விழாமலே கிடைக்கும். வந்தவங்க போட்டுக்கிட்டா இன்னும் பலம். மேல இருக்கிறவங்க எல்லாம் எண்பதைத் தாண்டினவங்கம்மா.”

அக்னஸ் அக்கா மாடியை அண்ணாந்து பார்த்தார். “அப்ப இன்னிக்கே போட்டு விடு தாயி.”

“இந்தக் காய்ச்சல் வந்தவங்களுக்கு, குணமாகி மூணு மாசம் கழிச்சுத்தாம்மா.”

மூன்று மாதமும் ஞாயிறு தவறாமல் போனார். தெருவின் எதிர்ச்சாரியில் நின்று, மாடி வராந்தாவில் சக்கர நாற்காலியில் தெரியும் வெள்ளைத் தலையைப் பார்த்துவிட்டு வருவார். வீட்டில் ஜெபமாலையைப் பாதியில் நிறுத்திவிடுவார். மறுபாதி சொல்ல ஆளில்லை என்பார்.

செப்டம்பரில் முதல் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் ஞாயிறு. ஊசிக் காய்ச்சலில் அக்னஸ் அக்காவுக்கு உடம்பு காந்தியது. சொல்லியும் கேட்காமல் கிளம்பினார், நானும் போனேன்.

“அக்கா, ஊசி போட்டாச்சு!” என்று கீழிருந்து கத்தினார்.

“அப்ப மேல வாடி!”

“இன்னொண்ணு இருக்குக்கா. எண்பத்து நாலு நாள் ஆகணும்!”

அற்புதம்மாள் நாற்காலியில் முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தார். பிறகு, “வலிக்குதாடி?”

“வலிக்குதுக்கா.”

“எந்தக் கை?”

அக்னஸ் அக்கா இடது கையைத் தொட்டுக் காட்டினார். மாடியில் அற்புதம்மாள் தன் இடது கையை மெல்ல நீவிக்கொடுக்க ஆரம்பித்தார். நாங்கள் தெரு முனை திரும்பும்வரை நீவிக்கொண்டே இருந்தார்.