அம்மா கேட்ட கொலை

நான் குடியிருக்கும் கனடிய ஊரின் நூலக மேசைமேல் ஓர் அட்டை நிற்கிறது. ‘நாங்கள் எந்தப் புத்தகத்தை வாங்க வேண்டும்? சொல்லுங்கள்’ என்று அதில் எழுதியிருக்கும். வந்த புதிதில் அதை ஏதோ பொறி என்றே நினைத்தேன். திண்டிவனத்தில் வளர்ந்த ஒருத்தி, அரசாங்கக் கட்டடம் தன்னிடம் கருத்துக் கேட்டால் வேறென்ன நினைப்பாள்? கல்லூரிக் காலத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு நாவலைக் கேட்டேன். அங்கிருந்தவர், அவருடைய நாற்காலியைக் கேட்டதுபோல் நிமிர்ந்தார். “இருக்கறதயெல்லாம் படிச்சி முடிச்சிட்டியாம்மா?” என்றார். இல்லை என்றேன். “மொதல்ல அத முடி.” இருந்தவை போட்டித் தேர்வுக் கையேடுகளும், தலைவர்களைப் பற்றித் தொண்டர்கள் எழுதிய கவிதைகளும்தான். முடிக்காமலேயே விமானம் ஏறிவிட்டேன்.

அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா, போன குளிர்காலத்தில் என்னிடம் வந்தாள். பெட்டியில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை இருந்தது, கேப்பை மாவு இருந்தது. அவள் உயிராக நினைக்கும் மாத நாவல்களை மட்டும் எடை கூடுகிறதென்று தம்பி வெளியே எடுத்துப் போட்டுவிட்டான். முதல் அத்தியாயத்திலேயே பிணம் விழும் நாவல்கள் அவை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கினால், விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவாள்.

“வெளிய பனி. உள்ள நீ லேப்டாப்ப பாத்துக்கினு இருக்கிற, நான் செவுத்த பாத்துக்கினு இருக்கேன். என்னை ஊருக்கு அனுப்பிடுடி” என்று அவள் அழுத மறுநாள் நூலகத்துக்கு அழைத்துப்போனேன்.

நூலகர் மார்கரெட் பெருமையோடு ‘தமிழ்’ என்று எழுதிய அலமாரியைக் காட்டினார். “இதெல்லாம் தெலுங்குடி” என்றாள் அம்மா. நான் என் மிகச் சிறந்த ஆங்கிலத்தில், நவீனத் தமிழ் இலக்கியம் வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தேன். லிட்ரேச்சர் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

“நோ லிட்ரேச்சர். ஐ வான்ட் மர்டர். எவ்ரி மன்த்.”

மார்கரெட்டின் சிரிப்பு அப்படியே நின்றது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அம்மா பக்கம் குனிந்து, “ஆர் யூ சேஃப் அட் ஹோம், மேடம்?” என்று மெதுவாகக் கேட்டார். சேஃப் என்றால் அம்மாவுக்கு இரும்புப் பெட்டி. “நோ சேஃப். ஒன்லி சூட்கேஸ்” என்றாள்.

போலீஸ் வராமல் இருக்க நான் நிறைய விளக்க வேண்டியிருந்தது. விஷயம் புரிந்ததும் மார்கரெட் விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் கொலைக்கதைப் பைத்தியமாம். வாங்கலாம், ஆனால் இன்னும் சிலர் வந்து கேட்டால் நல்லது என்றார்.

எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் எழுதிப் போட்டேன். தமிழ் வாழ்க என்று மளமளவென்று பதில்கள் விழுந்தன. நூலகத்துக்கு ஒருவரும் போகவில்லை. குழுவின் தலைவர் மட்டும் போன் செய்தார். “கொலைக்கதை கேட்டா வெள்ளைக்காரன் நம்மளப் பத்தி என்னங்க நெனப்பான்? செவ்வியல் நூலாக் கேளுங்க.”

“நீங்க படிப்பீங்களா சார்?”

“நமக்கு ஏதுங்க நேரம்? ஆனா இருக்கணும் இல்லீங்களா?”

அவரே நூலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்ட செவ்வியல் நூல்கள்தான் முதலில் வந்து இறங்கின, உரையோடு, தங்க எழுத்து அட்டையோடு. அலமாரி முன்னால் பட்டுவேட்டிகள் படமெடுத்துக்கொண்டன. தமிழின் தொன்மை பற்றித் தலைவர் ஆங்கிலத்தில் பேசினார். அம்மா ஒரு தொகுதியைப் புரட்டி, “இதுல யாரு சாவுறாங்க?” என்றாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நானும் படித்ததில்லை.

அவள் விடவில்லை. வாரா வாரம் பனியில் தனியாக நடந்துபோய் மார்கரெட்டிடம் “மர்டர் கம்?” என்று கேட்டுவிட்டு வந்தாள். சென்னையிலிருந்து வர வேண்டும், தாமதமாகும் என்றார் மார்கரெட். அதற்குள் அம்மா ஊர் திரும்பும் நாள் வந்துவிட்டது.

திண்டிவனத்தில் இறங்கியவள் சும்மா இல்லை. உள்ளூர் நூலகத்துக்குப் போயிருக்கிறாள். “மேலேர்ந்து வர்றதத்தாம்மா வெப்போம்னு சொல்றாரு. மேலன்னா யாரு, எங்க இருக்காருன்னு கேட்டுக்கினு விழுப்புரத்துக்கே போயிட்டேன்டி” என்றாள் போனில். அங்கே மாவட்ட நூலக அலுவலகத்தில், எந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார்களாம். “வூட்லேர்ந்து வர்றேன்னேன். அவருக்குப் புரியவே இல்ல. பாக்கலாம்மாங்கறாரு. பாக்கலாம்னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? திரும்பப் போவேன்.”

நேற்று இங்கே மாத நாவல்கள் வந்து சேர்ந்தன. மார்கரெட் ஆசையாக எடுத்துவைத்துக்கொண்டு, “வேர் இஸ் மை மர்டர் லேடி?” என்றார். ஊருக்குப் போய்விட்டதைச் சொன்னேன். அவர் முகம் வாடியது.

நூலக ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்; இங்கே காலை, அங்கே இருட்டிவிட்டது. அவள் மறுபடியும் விழுப்புரம் அலுவலகத்துக்குப் போய், மூடும்வரை உட்கார்ந்து, மறுபடியும் ‘பாக்கலாம்’ வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். நாவல் வந்த சேதியைச் சொன்னதும், “படிடி, ஜல்தி, பஸ்ஸு வந்துடும்” என்றாள். குரலைத் தாழ்த்தி முதல் பக்கத்தைப் படித்தேன். பல வருஷமாகத் தமிழை வாய்விட்டுப் படிக்காத நாக்கு தடுக்கியது. பிணம் விழுவதற்குள் அந்தப் பக்கம் பஸ் வந்து உறுமியது. “திண்டிவனம், திண்டிவனம், ஏறு ஏறு” என்று கண்டக்டர் கத்தினார்.

பனிக்காலணியோடு நான் பாதி எழுந்து நின்றுவிட்டேன்.