பிரேக் லைட்டைப் பார்த்துச் சொன்னவன்

போன வாரம் சரவணம்பட்டி சிக்னலில், ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் என் கார்க் கண்ணாடியைத் தட்டி, "சார், உங்க பிரேக் லைட் எரியறதில்லீங்க, பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். முன்பின் தெரியாதவள். கண்ணில் பட்டதை அப்படியே சொன்னாள். அவ்வளவு சுலபமான வேலைதான் அது. என்னால்தான் ஒருமுறை செய்ய முடியாமல் போயிற்று.

சர்வீஸ் சென்டரில் ஒரு தம்பி லேப்டாப்பைச் சொருகிப் பார்த்து, ஒயரில் கோளாறு என்றான். யாரும் பின்னால் போய் நிற்க வேண்டியதில்லையாம், எல்லாம் திரையிலேயே தெரிந்துவிடுமாம். பக்கத்துக் காருக்கு யாரோ ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் வேலுச்சாமி ஞாபகம் வந்துவிட்டது. உங்களிடம் அவரைப் பற்றிச் சொன்னதில்லை. யாரிடமும்தான் சொன்னதில்லை.

அன்னூரில் எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, கார் லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் கடை வைத்திருந்தார் வேலுச்சாமி. நான் அப்போது கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். முதல் சம்பளத்தில் ஒரு கூலிங் கிளாஸ். அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பேன், ஊரே என்னைப் பார்ப்பதாக நினைப்பு. ஒருத்தரும் பார்க்கவில்லை என்பது இப்போது தெரிகிறது.

கோபிசெட்டிபாளையத்தில் அண்ணியின் தங்கைக்குக் கல்யாணம். அண்ணனின் பழைய காரில் முந்தின நாள்தான் வேலுச்சாமி பிரேக் லைட்டைச் சரிசெய்து, எரியவைத்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார். காலையில் சீர்ச் சாமான்களோடு ஒரு மூட்டைத் தேங்காயையும் டிக்கியில் இழுத்துத் திணித்தவன் நான். வெளியூர் கிளம்பினால் அண்ணன் பிரேக்கை மிதிப்பார், நான் பின்னால் நின்று பார்த்துச் சொல்லவேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம்.

"எரியுதாடா?"

"எரியுதுங்கண்ணா."

நான் லைட்டைப் பார்க்கவேயில்லை. பின்கண்ணாடியில் தெரிந்த என் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புளியம்பட்டி தாண்டி ஒரு நாய் குறுக்கே ஓடியது. அண்ணன் பிரேக்கை மிதிக்க, பின்னால் வந்த வேன் இடித்தது. எங்கள் இரண்டு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. பின் சீட்டிலிருந்த அண்ணிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வலது கையைத் தூக்கித் தலை சீவ இன்றைக்கும் அவரால் முடியாது. வேன்காரர் அழாத குறையாக, "லைட்டே எரியலீங்களே, நானென்னங்க பண்றது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நாலாம் நாள் காரைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் வேலுச்சாமி கடையில் நிறுத்தினோம். அண்ணன் கத்திக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டு பல்பையும் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். நன்றாக இருந்தன. டெஸ்ட் பல்பை எடுத்து பிரேக் மிதிக்கும் இடத்தில் தொட்டார், கரண்ட் வந்தது. டிக்கிப் பக்கம் தொட்டார், வரவில்லை. டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். ஒயர் அறுந்து கிடந்தது. நுனியில் சணல் சாக்கின் நூல் சுற்றியிருந்தது.

"இது இடியில அறுந்ததில்லீங்க. மூட்டை ஏத்தறப்பவே இழுத்து அத்துப்போட்டிருக்குதுங்க. கிளம்பறப்ப பின்னால யாருங்க பார்த்தது?"

"தம்பிதான். எரியுதுன்னு சொன்னானே!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நல்லா எரிஞ்சுதுங்கண்ணா."

வேலுச்சாமி அந்த ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நானாகச் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நான் கூலிங் கிளாஸைத் துடைத்தேன். எங்கள் பக்கத்தில் வாடிக்கைக்காரரின் தம்பியை அவர் முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொல்லிவிட முடியாது. அந்த மரியாதைக்குள் போய் ஒளிந்துகொண்டேன், வெட்கங்கெட்டவன்.

"அப்படீங்களா. அப்ப என்ர கைவேலைதானுங்க தப்பு" என்றார் அவர்.

அண்ணன் சும்மா விடவில்லை. பால் சொசைட்டியில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில் என்று போகிற இடமெல்லாம், "அவங்கிட்ட வண்டி உட்றாதீங்க, என்ர சம்சாரம் கையே போச்சு" என்று சொன்னார். அடுத்த தைப்பொங்கலுக்குள் அந்தக் கடை முன்னால் ஒரு வண்டியும் நிற்கவில்லை. நான் அந்தத் தெருவழியாகப் போவதையே விட்டேன். அண்ணன் இப்போதும் விசேஷ வீடுகளில் அந்தக் கதையைச் சொல்வார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அண்ணி இடது கையால் மோர் ஊற்றுவார். வாயைத் திறக்க மாட்டேன்.

சர்வீஸ் சென்டரிலிருந்து நேராக அன்னூருக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் ஒரு பேக்கரி. கல்லாவிலிருந்தவரிடம் வேலுச்சாமியைக் கேட்டேன்.

"அவரு ஊட்டை வித்துப்போட்டுப் போயி வெகுநாளாச்சுங்க. எங்க போனாருன்னு ஒருத்தருக்கும் தெரியலீங்க. ஏனுங்க, நீங்க அவருக்கு வேண்டியவருங்களா?"

"ஆமாங்க" என்றேன்.