லைன் கட்டிய கதை

சண்டைக்கு வருகிறவரிடம் அகராதி பேசுகிற கிறுக்கு எனக்கு உண்டு. போன ஞாயிறு, எங்கள் போத்தனூர் அடுக்ககத்தின் பொது வராந்தாவில் துணி காயப்போட நான் கட்டிய கயிற்றை எதிர்வீட்டுக்காரர் ஆத்திரத்தோடு சுண்டினார். அந்த 'விண்' சத்தம் என்னை பஞ்சு மில்லுக்குப் பின்னாலிருந்த எங்கள் பழைய லைன் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டது.

ஒரே ஓட்டுக்கூரை, வரிசையாகக் கதவுகள், எல்லாருக்கும் ஒரே துணிக்கயிறு. அதனாலேயே அம்மாவும் பக்கத்து வீட்டுச் சரசக்காவும் பகையாளிகள். திட்டினாலும் மரியாதை மட்டும் குறையாது.

"ஏனுங்க, உங்க சீலைத் தண்ணி என் தலையில சொட்டோணுங்களா?" என்பார் சரசக்கா.

"தலையத் தள்ளி வெச்சுக்கோங்க அம்மணி!"

ஒருநாள் சரசக்கா கயிற்றை அறுத்தே போட்டார். சேற்றில் விழுந்தது என் ஒரே பள்ளிக்கூடச் சட்டை. சேறு காய்ந்த சட்டையோடுதான் மறுநாள் வகுப்பில் உட்கார்ந்தேன்.

இப்போதும் கயிற்றில் தொங்கியது, மறுநாள் ஆபீசுக்கு எனக்கிருந்த ஒரே நல்ல சட்டை. எதிர்வீட்டுக்காரர் கையில் கத்தரிக்கோல். சமாதானம் பேசுவதாக நினைத்து வாயைத் திறந்தேன்.

"லைன்ங்கிற சொல்லே நூல்ல பொறந்ததுங்க. ஆளிச்செடி நாருல திரிச்ச நூலுக்குத்தான் மொதல்ல அந்தப் பேரு. ரயில் லைன், போன் லைன், லைன் வீடெல்லாம் அப்புறம் வந்ததுங்க."

அவர் கத்தரியை விரித்தார்.

"சட்டைய எடுத்துக்கோங்க, அறுக்கப்போறேனுங்க."