நான் வெட்டிய கம்மங்கூழ்

கோயம்புத்தூரில் ஒரு உள்ளூர் சேனலின் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு நான் எடிட்டராக இருந்தேன். தொகுப்பாளன் தெருவில் போகிறவர்களிடம் மைக்கை நீட்டி, சாதுவாக நாலு கேள்வி கேட்பான். அவர்கள் போன பிறகு அதே இடத்தில் நின்று, கேமராவைப் பார்த்து வேறு நாலு கேள்வி கேட்பான். இந்தக் கேள்விக்கு அந்தப் பதிலை ஒட்டிக் கொடுப்பது என் வேலை. இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

நானும் கூடப் போயிருந்த ஒரு நாள், மதுக்கரையில் ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர் சிக்கினார். ஐம்பது வயதிருக்கும். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதற்கு, "கம்மங்கூழுங்க. ஒரு சொம்பு உள்ள போனாத்தானுங்க ஸ்டியரிங் புடிக்கவே கை வரும்" என்றார். அதோடு விட்டாரா? "ஊடு பக்கந்தானுங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுப் போலாம்" என்று எங்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போனார். வெட்கமில்லாமல் குடித்துவிட்டு வந்தோம்.

அவர் வீட்டிலிருந்து பழைய இடத்துக்கே நாங்கள் திரும்பி வந்ததும், "தண்ணி போட்டுட்டு வண்டி ஓட்டுவீங்களாண்ணா?" என்று தொகுப்பாளன் கேமராவிடம் கேட்டு வைத்துக்கொண்டான். அந்தக் கேள்விக்குப் பின்னால் டிரைவரின் பதிலை ஒட்டினேன். 'கம்மங்கூழுங்க' என்பதை மட்டும் வெட்டிவிட்டேன். சிரிப்புச் சத்தமும் சேர்த்தேன். போட்டுப் பார்த்தபோது முதலில் சிரித்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. திங்கட்கிழமை காலை பெற்றோர்கள் போனும் கையுமாகப் பள்ளிக்கூட வாசலில் நின்றார்களாம். பள்ளிக்கூடத்தார் அவரிடமிருந்து வேன் சாவியை அன்றைக்கே வாங்கிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. வெறுங்கையோடு வரக் கூடாதென்று ஒரு சீப்பு பூவன்பழம் வாங்கி வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. கூழுன்னு நாஞ்சொன்னது மைக்குல உளுகலையாட்ட இருக்குதுங்க. சத்தமா சொல்லீருக்கோணும், என்ற தப்புதானுங்க. வேணுமின்னா இன்னொருக்காச் சொல்லிப்போடறேன். அத மட்டும் சேத்திப் போட்டீங்கன்னா சாவியத் திருப்பிக் குடுத்துருவாங்க."

அவருக்குப் பின்னால் நின்ற தொகுப்பாளன், கேமராவை ஓடவிடு, செகண்ட் பார்ட் எடுத்துவிடலாம் என்று கையைக் காட்டினான். தூ, இவனோடு ஒரே தட்டில் பிரியாணி தின்றிருக்கிறேன். அவனை வெளியே தள்ளிக்கொண்டு போய், அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளில் திட்டினேன். "தமாசுக்குத்தானே பண்ணோம், எவன் குடி முழுகிப்போச்சு?" என்றான். முழுகிய குடிக்குச் சொந்தக்காரர் உள்ளே எனக்காகப் பழத்தைப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

வெட்டாத படத்தை அப்படியே பென்டிரைவில் ஏற்றினேன். அன்று மத்தியானமே அவரோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, தாளாளரிடம் நான்தான் அந்த எடிட்டர் என்று சொல்லி, முழுப் படத்தையும் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார்.

"கூழுங்கற வார்த்தைய வெட்டுனது நீங்களா?"

"ஆமாங்க."

"பாத்தா வெட்டுன மாதிரியே தெரியலீங்களே."

"தெரியாதுங்க சார். அப்படித்தான் வெட்டுவோம்."

அவர் பென்டிரைவைக் கழற்றி என் பக்கம் தள்ளி வைத்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. தெரியாம வெட்டத் தெரிஞ்ச நீங்க, தெரியாம ஒட்டிக் கொண்டாந்திருக்க மாட்டீங்கன்னு எத வெச்சு நான் நம்பறதுங்க? கொழந்தைங்க விசயம். பெத்தவங்களுக்கு என்ன பதில் சொல்லுவேன்?"

சத்தியம் செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். என் சத்தியத்தை யார் நம்புவார்கள் என்று எனக்கே தோன்றியது. பென்டிரைவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் டிரைவர் எழுந்து நின்றார். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு, சாயந்திர டிரிப்புக்குத் தயாராகவே வந்திருந்தார்.

"சாவி உங்ககிட்டயே குடுத்துட்டாங்களா, அம்மணி?"