மாத்திரைக் கோவம்

முட்டுக்காட்டில் கழிவெளிக்கு வடக்கே, ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் இறால் கொட்டகை இருந்தது. காலை ஆறு மணிக்கு ஐஸ் வண்டி வரும். அதற்குள் முப்பது பெண்கள் மேஜையின் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நின்றுவிடுவார்கள். ஐஸில் புதைந்து கிடக்கும் இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்துப் போடவேண்டும். அந்த முப்பது பேரில் சந்திரம்மாவின் கைதான் வேகமான கை. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கரப்பான் என்கிற தோல் நோய் உண்டு. முழங்கை மடிப்பில் வரும், கழுத்தில் வரும், வெயில் காலம் போனால் தானாகப் போய்விடும். கொட்டகை வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம், தொண்ணூற்றெட்டில், அது கைக்கு இறங்கியது. விரல் இடுக்கெல்லாம் நீர் வைத்து வெடித்தது. சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்தால் உயிர் போகும். ஒருநாள் உரித்து வைத்த இறாலில் ரத்தம் பட்டிருந்ததைச் சூப்பர்வைசர் உலகநாதன் பார்த்துவிட்டார்.

"இன்னா சந்திரம்மா, ரத்தம் பட்ட சரக்கை எவன் வாங்குவான்?"

"கிளவுஸ் குடு சார். போட்டுகினு உரிக்கிறேன்."

"கிளவுஸ் போட்டா வேகம் கொறையும். கேளம்பாக்கம் ரோட்ல நம்ம டாக்டர் கீறாரு, அவராண்ட போ. மூணே நாள்ல கை பட்டு மாதிரி ஆயிடும்."

போனாள். அந்த டாக்டர் அவள் கையைப் பார்த்த நேரத்தைவிட மாத்திரை மடிக்கக் காகிதம் கிழித்த நேரம்தான் அதிகம். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளை டப்பாவிலிருந்து கொட்டி, எண்ணி, கவரில் போட்டுக் கொடுத்தார். "இன்னா மாத்திரை சார்?" என்று கேட்டாள். "தோல் மாத்திரை" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் காலை கையை விரித்துப் பார்த்தவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நமைச்சல் இல்லை, வெடிப்பு மூடியிருந்தது. புருஷன் கங்காதரனிடம் காட்டினாள், பக்கத்து வீட்டில் காட்டினாள், கொட்டகையில் எல்லோருக்கும் நீட்டி நீட்டிக் காட்டினாள். கவர் தீர்ந்ததும் மறுபடி போய் வாங்கினாள். இப்படிப் பதினாலு மாதம்.

பசி வந்தது. முன்பெல்லாம் ஒரு தட்டுச் சோற்றோடு எழுந்துவிடுகிறவள், இப்போது சட்டியை வழித்துத் தின்றும் அடங்காமல் தவித்தாள். முகம் உப்பி வட்டமாயிற்று. ஜாக்கெட்டின் தையலைப் பிரித்துப் பிரித்துப் போட்டாள். "உடம்பு தேறிட்ட சந்திரம்மா" என்று தெருவில் சொன்னார்கள், அவளும் சிரித்துக்கொண்டாள். ஆனால் தூக்கம் போய்விட்டது. சுள்ளென்று கோபம் வந்தது. ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று கங்காதரன் சொன்னதற்குச் சட்டியோடு தூக்கி வாசலில் கொட்டினாள். கொட்டிய பிறகு தன் கையைத் தானே திகைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒருநாள் டாக்டர் சொந்த ஊருக்குப் போய்விட்டார். கிளினிக் இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தது. வெறும் கவரை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

"பேரு இல்லாம இன்னாத்தமா குடுக்கிறது?" என்றார் கடைக்காரர்.

மாத்திரை நின்ற நாலாம் நாள் கரப்பான் திரும்பி வந்தது. கையில் மட்டுமல்ல, முகம், மார்பு, தொடை என்று உடம்பு முழுக்க, கொதிநீர் பட்டதுபோல் சிவந்து கசிந்தது. ஏழாம் நாள் வாந்தி. எட்டாம் நாள் கொட்டகையில் மேஜையோரமாகவே சரிந்து விழுந்தாள். கூட வேலை செய்தவர்கள் வேன் பிடித்துத் திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

அங்கே தோல் டாக்டர் ரோகிணி, நிதானமான பெண், கட்டிலோரம் நின்று முதலில் முகத்தைத்தான் பார்த்தார். "என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" கங்காதரன் கடலுக்குப் போகாமல் அன்று கூடவே இருந்தான். அவனுக்கும் தெரியவில்லை. சந்திரம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்த காலி கவரை வாங்கி டாக்டர் முகர்ந்து பார்க்காத குறைதான்.

"ஸ்டீராய்டு. பார்த்தாலே தெரியுது" என்றார். "அது கெட்ட மருந்தில்ல. ரொம்ப முத்திப்போனா நானும் குடுப்பேன், கொஞ்ச நாளைக்கு, சொல்லிட்டு. பேரே சொல்லாம பதினாலு மாசம் குடுத்திருக்காங்க பாருங்க, அது தப்பு. திடீர்னு நின்னதாலதான் விழுந்துட்டீங்க."

"அப்ப இனிமே வேணாம் டாக்டரம்மா. அந்தக் கருமத்தை நான் தொடவே மாட்டேன்."

"தொட்டுத்தான் ஆகணும். உங்க உடம்பு இதே மாதிரி ஒண்ணைத் தானா சுரக்கும், அதை மறந்துபோச்சு. இப்ப மறுபடி குடுத்து, மெல்ல மெல்லக் குறைக்கணும். ஆறு மாசம் ஆகும்." பிறகு கங்காதரன் பக்கம் திரும்பினார். "இந்த மாத்திரை கோவத்தைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும். வீட்ல கொஞ்சம் பொறுத்துப் போங்க. முக்கியமா இவங்க கை ஈரத்துல படக்கூடாது. துணி துவைக்கிறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் வேற யாராவது செய்யணும். ஐஸ் வேலை கூடவே கூடாது."

கங்காதரன் தலையை ஆட்டினான். டாக்டர் சொன்னதில் அவன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான் என்பது வீட்டுக்கு வந்த மறுநாளே தெரிந்தது.

மூத்தவன் பாலா மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். நீலச் சட்டையைக் கழற்றி அம்மாவின் காலடியில் போட்டான். கங்காதரன் மீன் கவிச்சியடிக்கும் லுங்கியை அதன்மேல் போட்டான்.

"யோவ், கை ஈரம் படக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? நீயும் கேட்டுகினுதான இருந்த?"

"அதுக்கு இன்னாத்துக்குக் கத்துறமே?"

"கத்தாம இன்னா பண்றது? ஆளுக்கு ரெண்டு கை கீதுல்ல, கயுவுங்க!"

கங்காதரன் மகனைப் பார்த்துக் கண்ணடித்தான். "மாத்திரை பேசுதுடா. வுடு, நீ ஒண்ணும் சொல்லாத."

மாத்திரை பேசுது. ஒரு வாரத்தில் இந்தச் சொல் தெருக்கோடிவரை போய்விட்டது. குழாயடியில் முறை தவறி வந்தவளைத் தட்டிக் கேட்டால் மாத்திரை. ரேஷனில் புழுத்த அரிசி போட்டவனைக் கேட்டால், "அந்தம்மாக்கு உடம்பு சரியில்லப்பா." அவள் எதைச் சொன்னாலும் முகத்தில் ஒரு பரிதாபத்தை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டார்கள், கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெற்ற பிள்ளைகூடச் சிரித்தான். இதற்குப் பதில் தன் கன்னத்தில் அறைந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அறைந்தவனைத் திருப்பி அடிக்கலாம். சிரிக்கிறவனை என்ன செய்வது?

அவளுக்கே சில சமயம் சந்தேகம் வந்தது. பேசுவது நானா, மாத்திரையா? கோபம் கிளம்பும்போது மார்பு படபடத்தது உண்மைதான். வாயைத் திறப்பதற்குமுன் பத்து எண்ணிப் பார்த்தாள். பத்து எண்ணி முடித்த பிறகும் துணி அங்கேயேதான் கிடந்தது.

அந்தத் துணியை ஒருவரும் எடுக்கவில்லை, ஒருத்தியைத் தவிர. பத்தாவது படிக்கும் மகள் வினிதா, அம்மா கத்துவது தாங்காமல், ஒரு சத்தமும் போடாமல் பள்ளிக்குப் போகுமுன் அத்தனையும் துவைத்தாள், வந்தபின் அத்தனை பாத்திரத்தையும் கழுவினாள். சந்திரம்மாவும் முதலில் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பெண் பிள்ளைதானே, செய்யட்டும் என்றிருந்துவிட்டாள். இதை நினைத்துப் பின்னால் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை வினிதா இட்லி தின்னும்போது ஸ்பூனைத் தேடினாள்.

"இன்னாத்துக்குடி ஸ்பூனு?"

"சும்மாதாம்மா."

"கையக் காட்டு."

காட்டவில்லை. சந்திரம்மா இழுத்து விரித்தாள். விரல் இடுக்கில் சிவந்து, நீர் வைத்து, வெடித்திருந்தது.

அதற்குப் பிறகு சந்திரம்மா பத்தெல்லாம் எண்ணவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனாள். ஊறிக்கொண்டிருந்த வாளியைத் தூக்கிவந்து, அப்பனும் பிள்ளையும் நாஸ்தா தின்றுகொண்டிருந்த இடத்தில், அவர்கள் தட்டுக்கு நடுவிலேயே கவிழ்த்தாள். சோப்புத் தண்ணீர் இட்லியில் ஓடியது.

"என் கை போச்சி, போவட்டும்! அந்தக் கொயந்த கையையும் தின்னணுமா உங்களுக்கு? நாளைக்கு அவளும் அந்த வெள்ள மாத்திரையத் துன்னு, அவ மூஞ்சும் பூசணிக்கா மாதிரி ஆவணுமா?"

பாலா எழுந்து நின்றான். தங்கையின் கையைப் பார்த்தான். தன் சட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். அவனுக்குத் துவைக்கத் தெரியவில்லை, காலர் அழுக்கு அப்படியே இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அவன் துணியை அவனே துவைத்தான். கங்காதரன் மட்டும் ஈரத் தட்டைத் தள்ளிவிட்டு, "ஆறு மாசம் முடியட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுவரை தன் துணியைக் காசு கொடுத்து வெளியே வெளுக்கப் போட்டான்.

மறுநாள் சந்திரம்மா கொட்டகைக்குப் போனாள். வேலை கேட்கத்தான் போனாள். ஈரமில்லாத வேலை, அட்டைப்பெட்டி கட்டுகிற வேலை. உள்ளே நுழைந்து மேஜையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பூவாயி, செங்கம்மாள், இன்னும் இரண்டு பேர். நாலு பேருக்கும் ஒரே வட்ட முகம், ஒரே உப்பிய கன்னம், ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்போல. இத்தனை நாள் கூட நின்று வேலை பார்த்தும் இது அவள் கண்ணில் படவில்லை. அவள் முகமும் அப்போது அப்படித்தான் இருந்தது.

"பூவாயி, நீயும் அந்தாளாண்டதான் போறியா?"

"சூப்பர்வைசர்தான் அனுப்புனாருக்கா. எல்லாரையும் அங்கதான் அனுப்புறாரு."

உலகநாதன் வந்தார். சந்திரம்மா அவரைக் கொட்டகைக்கு நடுவில் நிறுத்தினாள்.

"கிளவுஸ் கேட்டேன், மாத்திரைக்கு அனுப்புன. எத்தினி பேரை அனுப்பிகீற?"

"சந்திரம்மா, உனக்கு உடம்பு சரியில்ல. நீ மாத்திரையில கீற. வூட்டுக்குப் போ."

"ஆமா, மாத்திரையிலதான் கீறேன்! நீ ஏத்திவுட்ட மாத்திரை! அது எறங்குறதுக்குள்ள நான் கேக்க வேண்டியதக் கேட்டுடறேன்!"

மேஜையில் ஒரு கையும் அசையவில்லை. ஐஸ் உருகித் தரையில் ஓடியது. அன்று மதியம்வரை முப்பது பேரும் இறாலைத் தொடவில்லை. சாயங்காலம் கையுறைப் பெட்டி வந்தது. மட்டமான சரக்கு, இரண்டு நாளில் கிழிந்தது. மறுபடி சண்டை போட்டு மறுபடி வாங்கினார்கள்.

நாலு பேரிடமும் அவள் கண்டிப்பாகச் சொன்னாள்: "பட்டுனு நிறுத்தாதீங்க. நான் அப்டித்தான் வியுந்தேன்." அடுத்த புதன்கிழமை நாலு பேரையும் பஸ்ஸில் ஏற்றிச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போய் டாக்டர் ரோகிணிமுன் உட்காரவைத்தாள். வருகிற வழியில் கேளம்பாக்கம் ரோட்டிலும் இறங்கினாள். அந்த டாக்டர் அவளைக் கண்டதும் கம்பவுண்டரிடம் கதவைச் சாத்தச் சொன்னார். எழுதத் தெரிந்தவர்களைப் பிடித்துக் கலெக்டர் ஆபீஸில் புகார் எழுதிக் கொடுத்தாள். விசாரிக்கிறோம் என்றார்கள். அடுத்த வருஷம் அந்தக் கிளினிக்குக்குப் புதுப் பலகை மாட்டியிருந்தது, முன்னைவிடப் பெரியதாக.

ஆறு மாதம் என்றது எட்டு மாதமாயிற்று. பிளேடால் பாதியாக வெட்டி, பிறகு காலாக வெட்டி, ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் மூட்டெல்லாம் வலித்தது, நமைச்சல் திரும்பியது, அழுகை வந்தது. களிம்பும் வாசலினும் தடவித் தடவித் தாண்டினாள். ரெண்டாயிரமாவது வருஷம் வைகாசியில் கடைசிக் கால் மாத்திரையை விழுங்கினாள்.

கங்காதரன் அதற்காகவே காத்திருந்தவன்போல் அன்று ஜாங்கிரி வாங்கிவந்தான். எல்லோரும் தின்றார்கள். ஒரு வாரம் மரியாதையாக இருந்தான். எட்டாம் நாள் கடலிலிருந்து வந்து லுங்கியையும் பனியனையும் சுருட்டி அவள் காலடியில் போட்டான்.

சந்திரம்மாவுக்கு மார்பு படபடக்கவில்லை. குரல் உயரவில்லை. காலால் அந்தச் சுருட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"நீயே தொவைச்சிக்கோ."

"இன்னாமே, மாத்திரைதான் முடிஞ்சிடுச்சே?"

"முடிஞ்சிடுச்சி. இது என்னுது."

எட்டு மாதமாக அவன் கைவசம் இருந்த ஒரே பதில் தீர்ந்துபோயிருந்தது. மூன்று நாள் அந்தத் துணி அங்கேயே நாறிக் கிடந்தது. நாலாம் நாள் மதியம், தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, கொல்லையில் தப்பு தப்பென்று சத்தம் கேட்டது. சந்திரம்மா எட்டிப் பார்க்கவில்லை.

அவள் முகம் வற்ற ஒரு வருஷம் ஆனது. கை முழுசாக ஆறவில்லை. மார்கழி வந்தால் இன்றும் வெடிக்கும், களிம்பு தடவினால் அடங்கும். வினிதாவின் கை ஆறிவிட்டது. சந்திரம்மாவின் இடது இடுப்பில் மட்டும் ஒரு வலி தங்கிவிட்டது. படம் பிடித்துப் பார்த்த டாக்டர் ரோகிணி, மாத்திரை எலும்பைத் தின்றிருக்கிறது, அந்தப் பதினாலு மாதத்தின் வேலை என்றார்.

போன மாதம் கேளம்பாக்கத்தில் அவள் பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, மறு காலைத் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சீக்கிரம் ஏறும்மா, பேஜாரு பண்ணாத" என்று கண்டக்டர் விசில் ஊதினார்.

"ஏறிகினுதான்யா கீறேன்!" என்று அவள் கத்திய கத்தில் பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவள் மெல்ல, தன் வேகத்தில், ஏறி உட்கார்ந்த பிறகுதான் பஸ் கிளம்பியது.